கேமராவுக்குத் தெரியாத அக்கா

கல்லூரியின் பெண்கள் வாலிபால் அணியில், அடிக்கிறவளுக்குப் பந்தை எழுப்பிக் கொடுக்கும் செட்டர் கேமராவில் விழமாட்டாள் என்பது, ஆட்டங்களை நேரலையில் காட்டத் தொடங்கிய முதல் நாளே, மாலை நாலே கால் மணிக்குத் தெரியவந்தது. அப்போது ஸ்கோர் ஆறுக்கு மூன்று. வீட்டில் உட்கார்ந்து உள்ளூர் கேபிள் சேனலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கண்டது இதுதான்: எதிரணியின் சர்வீஸ் வந்தது, பின்வரிசைப் பெண் ஒருத்தி குனிந்து அதை எடுத்துக் கொடுத்தாள், பந்து வலைக்குப் பக்கத்தில் ஆளில்லாத இடத்தில் இறங்கியது, ஒரு கணம் தயங்கியது, பிறகு தானாகவே மேலே எழுந்தது. ஓடிவந்த உயரமான பெண் அதை ஓங்கி அடித்தாள். அரங்கத்தில் இருந்த முப்பத்தெட்டுப் பேருக்கு இதில் விசேஷமாக ஒன்றும் படவில்லை. அவர்கள் பார்க்க, பந்தை எழுப்பிக் கொடுத்தவள் அக்கா, அடித்தவள் அவளுடைய தங்கை. சேனல் ஆபீசுக்கு போன் மேல் போன் வந்தது. இருபது வருஷமாகக் கல்யாண வீடியோ எடுத்துப் பழகிய கேமராக்காரர் லென்சை மாற்றினார், வயரை மாற்றினார், கடைசியில் தன்னையே மாற்றிக்கொண்டு மச்சானை உட்காரவைத்தார். பலனில்லை. டைம் அவுட்டில் அக்கா அரை நிமிஷம் அசையாமல் நின்று தண்ணீர் குடித்தபோது, திரையில் ஒரு பாட்டில் மட்டும் அந்தரத்தில் சாய்ந்து, பாதி காலியாகி, நிமிர்ந்தது. அவள் ஷூ தரையில் கிறீச்சிட்டது நன்றாகக் கேட்டது. "எனக்கு, எனக்கு" என்று அவள் பந்து கேட்ட குரலும் கேட்டது. வியர்வைத் துளிகள் தரையில் விழுவதும், யாரோ ஒருத்தி ஓடிவந்து துணியால் துடைத்துவிட்டுப் போவதும் தெரிந்தது. அவள் மட்டும் இல்லை.

இதற்கு ஊரில் மூன்று காரணங்கள் சொல்லப்பட்டன. கேமராக்காரர் விளக்குகளைக் குறை சொன்னார். இயற்பியல் பேராசிரியர் ஒருவர் ஒளியின் கோணத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டினார், அதை யாரும் படிக்கவில்லை. மூன்றாவது காரணத்தைச் சொன்னது சகோதரிகளின் அம்மா, தையல்காரி. முந்தின நாள் பயிற்சியின்போது, முக்காலியை எங்கே வைப்பது என்று பார்க்க வந்த கேமராக்காரர், "இதுல யாரு மேடம் அடிக்கிற பொண்ணு? அவங்களை விடாம புடிச்சிட்டா போதும்" என்று கோச் மேடத்திடம் கேட்டாராம். மேடம் இளையவளைக் காட்டினாராம். மூத்தவள் மூன்றடி தள்ளி உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். "அப்ப என்னை எடுக்கவே வேணாம் அண்ணே. எதுக்கு ஃபிலிமை வேஸ்ட் பண்றீங்க" என்றாள், நிமிராமலே. இந்தக் கேமராவில் ஃபிலிம் எல்லாம் கிடையாதம்மா என்று கேமராக்காரர் சிரித்துக்கொண்டே திருத்தினார். அந்தச் சொல்லைக் கேமரா பிடித்துக்கொண்டது என்பது அம்மாவின் கட்சி. "இவ வாய்தான் இவளுக்குச் சத்துரு" என்று ஜெர்சிக்கு நம்பர் தைத்தபடி சொல்லிவிட்டு, அதற்கு மேல் அம்மா அதைப் பற்றி யோசிக்கவில்லை. வீட்டு ஆல்பத்தில் மூத்தவளின் படங்கள் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன, கல்லூரி அடையாள அட்டையிலும் அவள் முகம் இருந்தது. ஆட்டம் நடக்கும்போது மட்டும் எந்தக் கேமராவுக்கும் அவள் தெரியவில்லை, அவ்வளவுதான்.

மூத்தவள் அப்படிச் சொன்னதற்கு ஒரு பின்கதை உண்டு. மூன்று வருஷமாக அவள்தான் அணித் தலைவி. அந்த மூன்று வருஷமும் பெண்கள் ஆட்டத்துக்கு வந்தவர்கள் முப்பத்தெட்டுப் பேருக்கு மேல் போனதில்லை. விடுதியில் பொழுது போகாத பெண்கள், நாலைந்து அப்பாக்கள், மழைக்கு ஒதுங்கியவர்கள், வாட்ச்மேன். ஆண்கள் அணியின் ஆட்டத்துக்கு அறுநூறு பேர் வருவார்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பார்வையாளர் எண்ணிக்கை வேண்டும் என்று கல்லூரி ஆபீஸ் கேட்டதால், அந்த வேலை யாரும் சொல்லாமலே அப்பாவிடம் வந்து சேர்ந்தது. அப்பா பஸ் கண்டக்டர். எங்கே நுழைந்தாலும் தலைகளை எண்ணாமல் அவரால் உட்கார முடியாது. "முப்பத்தெட்டு. நிக்கிறவங்க யாரும் இல்ல" என்று ஆபீஸ் ஜன்னலில் சொல்லிவிட்டுப் போவார். மூத்தவளுக்கு அந்த முப்பத்தெட்டுப் பேரையும் உட்காரும் இடம் முதற்கொண்டு தெரியும். அவர்கள் தன்னைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். பிறகு தங்கை அதே கல்லூரியில் சேர்ந்தாள். அக்காவைவிட ஒரு தலை உயரம். அணியில் ஆள் குறைகிறது என்று அவளை மேடத்திடம் கூட்டிக்கொண்டு போனவளே மூத்தவள்தான். ஆறு மாதத்தில் தங்கைக்குச் சம்மட்டி என்று பெயர் விழுந்தது. ஒருநாள் நுழைவாசலில், முப்பத்தெட்டில் ஒருவர், "இன்னிக்குச் சம்மட்டி ஆடுறாளா, இல்ல சும்மாதானா?" என்று விசாரிப்பது மூத்தவள் காதில் விழுந்தது. அன்றுதான் அவளுக்கு முதல் தடவை வயிறு எரிந்தது. சாப்பாடு சேரவில்லை என்று நினைத்து சோடா குடித்தாள்.

நேரலை வந்ததும் கூட்டம் குறைந்தது. வீட்டிலேயே காலை நீட்டிக்கொண்டு பார்க்கலாம் என்றால் யார் எழுந்து வருவார்கள்? "பத்தொம்பது. வாட்ச்மேனையும் சேத்து" என்று அப்பா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னார். ஆனால் தானாக எழும் பந்தைப் பற்றிய சண்டை ஊருக்குள் வளர்ந்துகொண்டிருந்தது. அது கம்ப்யூட்டர் வேலை என்று முடிவெட்டும் கடைக்காரர் சொன்னார். நூல் கட்டி இழுக்கிறார்கள் என்று மருந்துக்கடைக்காரர் சொன்னார். தோற்றவர் மீசையை எடுப்பது என்று பேச்சாகி, இரண்டு பேரும் ஒரு ஸ்கூட்டரில் அரங்கத்துக்கு வந்தார்கள். வலைக்குப் பக்கத்தில் நடுத்தர உயரத்தில், அடர்ந்த புருவத்தோடு, பந்துக்குக் கையைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தாள். "இருக்கா! பொண்ணு இருக்கா!" என்று முடிவெட்டுபவர் கத்திய கத்தலில் நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டார். இருவருமே தோற்றதால் இருவருமே மீசையை எடுத்தார்கள். அந்த இரண்டு மொழுமொழு மேலுதடுகளைப் பார்த்து ஊரே விஷயம் கேட்டது. அடுத்த ஆட்டத்துக்கு இருநூற்றுப் பத்துப் பேர். அதற்கடுத்து ஐநூற்று நாற்பது. மாதக் கடைசியில், நானூறு பேர் உட்காரும் இடத்தில் ஆயிரத்து நூறு பேர் இருந்தார்கள், கல்லூரி இரும்புக் குழாய்களை வைத்து இரண்டு புறமும் படிகள் கட்டியது. ஆண்கள் ஆட்டத்துக்கு ஆடுகிறவர்களின் சொந்தபந்தம் மட்டும் மிஞ்சியது. அந்த அணியின் தலைவனே தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு பெண்கள் ஆட்டத்துக்கு வரிசையில் நின்றதாகச் சொல்வார்கள்.

வந்தவர்கள் ஒரு கண்ணை ஆடுகளத்திலும் ஒரு கண்ணைக் கைப்பேசியிலும் வைத்துக்கொண்டார்கள். "இங்க இருக்கா, அங்க இல்ல!" என்று சின்னப் பிள்ளைகள் போலக் கூவினார்கள். மூத்தவள் தலைமுடியை அவிழ்த்துக் கட்டினால் கைதட்டல். லேஸ் கட்டினால் எழுந்து நின்று கைதட்டல். தோற்றுப்போன ஒரு கல்லூரி, வீடியோவில் ஐந்து பேர்தான் இருக்கிறார்கள், ஆறு பேர் ஆடியதாக எப்படி ஒப்புக்கொள்வது என்று புகார் எழுதியது. நடுவரின் தாளில் ஆறு கையெழுத்து இருப்பதால் ஆடியது ஆறு பேர்தான் என்று பதில் வந்தது. இதற்குள் பெரிய சேனல் ஒன்று ஒளிபரப்பை எடுத்துக்கொண்டு நான்கு கேமராக்களோடு வந்திறங்கியது. நான்கிலும் மூத்தவள் தெரியவில்லை. அவர்கள் அதைப் பெரிதுபடுத்தவில்லை. தெரிகிற பெண்ணைக் காட்டினார்கள்.

அப்படித்தான் ஒரே ஆட்டத்தில் இரண்டு சகோதரிகளும் இரண்டு விதமாகப் புகழ் பெற்றார்கள். அரங்கத்துக்கு வந்து பார்த்த சில ஆயிரம் பேருக்கு மூத்தவள்தான் எல்லாம். திரையில் மட்டும் பார்த்த லட்சக்கணக்கானவர்களுக்கு இளையவளைத் தவிர வேறு யாரும் கிடையாது. இளையவளின் முகத்தை ஒரு ஷூ கம்பெனி பஸ்களின் பின்புறத்தில் ஒட்டியது. அதில் ஒரு பஸ் அப்பாவின் பஸ். மூத்தவள் தினமும் அந்த பஸ்ஸில்தான் கல்லூரிக்குப் போனாள். ஏறுவதற்கு முன் தங்கையின் பற்களைப் பார்க்காமல் ஏற முடியாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அவள் பழைய ஆட்டங்களின் பதிவைச் சத்தம் இல்லாமல் போட்டுப் பார்ப்பாள். மடியில் ஒரு நோட்டு. தங்கையின் முகம் திரை நிறைய வரும்போதெல்லாம் ஒரு கோடு போடுவாள். ஓர் ஆட்டத்தில் நூற்றுப் பதினாலு கோடு விழுந்தது. தன் பெயருக்கு நேரே ஒன்றும் இல்லை.

"என்னடி எழுதுற?" என்று அம்மா மெஷினை நிறுத்திக் கேட்டாள்.

"பரீட்சைக்கும்மா."

இளையவள் நிம்மதியாக இருந்தாள் என்று நினைத்தால் தப்பு. அவள் அடித்துத் தரை அதிர்ந்து பாயிண்ட் கிடைக்கும், திரும்பிப் பார்த்தால் ஆயிரம் தலைகளும் அக்கா பக்கம் திரும்பியிருக்கும். நாடு முழுக்கத் தெரிகிற முகத்தைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு ஒருத்தரும் பார்க்கவில்லை. பேட்டிக்கு வருகிறவர்கள் இரண்டு கேள்வி அவளைப் பற்றிக் கேட்பார்கள், மூன்றாவதாக, "அக்கா பார்க்க எப்படி இருப்பாங்க?" என்பார்கள். "என்னை மாதிரிதான், குட்டையா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வாள். ஒருநாள் காலை, அறையில் இருந்த ஒரே கண்ணாடிக்கு முன்னால் இருவரும் தலை வாரிக்கொண்டிருந்தபோது பேச்சு வெடித்தது.

"நேத்து உனக்கு ஆயிரம் பேர் கை தட்டினாங்க. லேஸ் கட்டினதுக்கு" என்றாள் இளையவள்.

"உனக்கு நாடே தட்டுது."

"எனக்குக் கேக்கலையே."

"நானும்தான் திரையில தெரியல" என்று மூத்தவள் சீப்பை வைத்துவிட்டுப் போனாள்.

அன்று மாலையே இளையவள் நான்கு கேமராவுக்கும் முன்னால் தனித்தனியாகப் போய் நின்று, "என்னையும் எடுக்காதீங்க" என்று தெளிவாகச் சொன்னாள். கேமராக்கள் கேட்கவில்லை. அன்றைய ஆட்டத்தில் அவள் முகவாயில் புதிதாக வந்திருந்த பரு வரைக்கும் நாடு பார்த்தது.

அரையிறுதியில் மூத்தவள் தங்கைக்குப் பந்து கொடுப்பதை நிறுத்தினாள். பஸ்ஸின் பின்புறப் படத்தைக் கழற்றிவிட்டு அதைவிடப் பெரிய படம் ஒட்டியிருந்த வாரம் அது. முதல் செட் முழுக்க, எடுத்த பந்தையெல்லாம் மற்ற பெண்களுக்கே கொடுத்தாள். தங்கை இருபத்தாறு தடவை ஓடிவந்து குதித்தாள். இருபத்தாறு தடவையும் வெறுங்கையோடு இறங்கினாள். திரையில் பார்த்தவர்களுக்கு அது ஒரு வேடிக்கை, ஒரு பெண் காரணமில்லாமல் குதிக்கிறாள், பந்து தானாகவே வேறு பக்கம் போகிறது. வீடுகளில் சிரித்தார்கள். அரங்கத்தில் இருந்தவர்களுக்கு விஷயம் விளங்கியது, அங்கே ஒருவரும் சிரிக்கவில்லை. பதினொன்றுக்கு இருபத்தைந்து என்று செட் போனது. மேடம் அவளை வெளியே உட்காரவைத்து மாற்று செட்டரை இறக்கினார். மாற்று செட்டர் திரையில் பளிச்சென்று தெரிந்தாள், ஆனால் அவள் கொடுத்த பந்துகள் எங்கே போயின என்று அவளுக்கே தெரியவில்லை. "என்ன வயிற்றெரிச்சல் இருந்தாலும் வெளியில வெச்சுக்கோ. கோட்டுக்குள்ள கொண்டுவராத" என்று மேடம் பல்லைக் கடித்துச் சொல்லி, மறுபடி உள்ளே அனுப்பினார். எப்படியோ ஜெயித்தார்கள். வீட்டுக்கு வரும் வழியில் இளையவள் பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். அழுதிருந்தால்கூட மூத்தவளுக்குத் தேவலை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூத்தவள் அந்த ஆட்டத்தின் பதிவைப் போட்டாள். உண்மையைச் சொன்னால், ருசித்துப் பார்க்கத்தான் போட்டாள். தங்கை குதித்தாள், இறங்கினாள், திரும்பினாள். கேமரா அவள் முகத்தை நெருங்கிக் காட்டியது. அந்த முகத்தில் கோபம் இல்லை. ஆளில்லாத ஓர் இடத்தைப் பார்த்து, என்ன ஆச்சு என்று கேட்கிற முகம். இருபத்தாறு தடவையும் அதே முகம், அதே இடம். மூத்தவள் எழுந்துபோய்ப் பழைய பதிவுகளை எடுத்துவந்தாள். எல்லாவற்றிலும் அப்படித்தான். பந்தை அடித்துத் தரையில் இறங்கிய அடுத்த கணம், அது பாயிண்டானாலும் வலையில் பட்டாலும், தங்கை முதலில் திரும்பிப் பார்ப்பது அந்த வெற்றிடத்தை. அப்படித் திரும்பும்போதுதான் அவள் முகம் கேமராவுக்கு நேராக வருகிறது. கேமராக்காரர்கள் காத்திருந்து பிடித்ததெல்லாம் அந்தக் கணத்தைத்தான். நோட்டை எடுத்து மறுபடி கோடு போட்டாள். நூற்றுப் பதினாலில் தொண்ணூற்றாறு, தன்னைப் பார்த்த முகம். அதனால் பொறாமை போய்விட்டது என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். அடுத்த நாளிலிருந்து பந்து ஒழுங்காகப் போனது. பொறாமை இருந்த இடத்தில் இருந்தது, கூட இன்னொன்றும் வந்து உட்கார்ந்துகொண்டது, இடம் போதாமல் இரண்டும் இடித்துக்கொண்டன.

மாநில அணிக்கான பட்டியல் வந்தது அந்தச் சமயத்தில்தான். இரண்டு பேர் கொண்ட தேர்வுக் குழு, நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளுக்கு நேரில் போக முடியாது என்று, ஒளிபரப்புப் பதிவுகளைப் பார்த்தே ஆளை எடுத்தது. இளையவளின் பெயர் இருந்தது, இறுதி ஆட்டத்துக்குப் பிறகு உறுதி செய்யப்படும் என்ற குறிப்போடு. மூத்தவளின் பெயருக்கு எதிரே, பதிவுகளில் தென்படவில்லை என்று எழுதியிருந்தார்கள். அது அவளுக்குக் கடைசி வருஷம். கல்லூரி முடிந்தால் ஆட்டமும் முடிந்தது. எங்காவது ஒரு கடையில் துணி மடித்துவைக்கலாம், அல்லது அம்மாவோடு உட்கார்ந்து பித்தான் தைக்கலாம். மேடம் ஏழு கடிதம் எழுதினார். எட்டாவது கடிதத்தில், ஒருமுறை வந்து உங்கள் கண்ணால் பாருங்கள், அப்புறம் வேண்டாம் என்று சொல்லுங்கள் என்று எழுதியதற்கு, இறுதி ஆட்டத்துக்கு வருவதாகப் பதில் வந்தது.

இறுதி ஆட்டத்துக்கு நாலாயிரம் பேர் வந்தார்கள். அப்பா நாலாயிரம் வரைக்கும் எண்ணி, வாழ்க்கையில் முதல் தடவையாக எண்ணுவதை விட்டுவிட்டார். ஜன்னல் கம்பிகளில் ஆட்கள், தூண்களைக் கட்டிப்பிடித்தபடி ஆட்கள், கூரை ஓட்டைகளில் கண்கள். தேர்வுக் குழுவின் கார் வாசலைத் தாண்ட முடியவில்லை. ஒளிபரப்புக்காரர்கள் அவர்கள் இருவரையும் பின்வாசல் வழியாகக் கூட்டிவந்து, ஆடுகளத்தை ஒட்டிய விளையாட்டுச் சாமான் அறையில், தங்கள் திரைகளுக்கு முன்னால் உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். அந்த அறைக்கு ஆடுகளத்தைப் பார்த்த கண்ணாடி ஜன்னல் உண்டு. வெளிச்சம் திரையில் விழாமல் இருக்க அதன்மேல் காக்கித் தாள் ஒட்டியிருந்தது. ஆக, கண்ணால் பார்க்க வந்தவர்கள் இருபதடி தூரத்தில் உட்கார்ந்து மறுபடியும் திரையைத்தான் பார்த்தார்கள்.

இது இளையவளுக்குத் தெரியவந்தது இரண்டாவது செட்டுக்குப் பிறகு. குடிதண்ணீர்க் கேன் அந்த அறைக் கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. கதவு ஒரு சாண் திறந்திருந்தது. உள்ளே மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர், "அந்தப் பக்கம் ஆளே இல்லையே சார். பந்து தானா போகுது. இதை நான் என்னன்னு எழுதுறது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். குண்டாக இருந்த இன்னொருவர், "ஆள் இல்லைன்னு எழுதுங்க, வேற என்ன" என்று பிஸ்கட்டை டீயில் முக்கினார். இளையவள் தண்ணீர் குடித்தாள். அவளுக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை, நிம்மதி. மாநில அணியில் அக்கா இருக்கமாட்டாள். அங்கே அவள் அடித்தால் எல்லாத் தலையும் அவள் பக்கம்தான் திரும்பும். மேடத்திடம் போய்ச் சொல்ல இருபது அடி நடந்தால் போதும், அவள் நடக்கவில்லை. அந்த நிம்மதியோடு மூன்றாவது செட்டும் நாலாவது செட்டும் ஆடினாள். அதுவரை ஆடியதிலேயே நன்றாக ஆடினாள். இரண்டுக்கு இரண்டு என்று ஐந்தாவது செட் வந்தது.

பன்னிரண்டுக்குப் பன்னிரண்டில் பின்வரிசையிலிருந்து வந்தது மோசமான பந்து, வலையைவிட்டு நாலடி தள்ளி, தரைக்கு ஒரு முழம் மேலே. மூத்தவள் சறுக்கிக்கொண்டு போய், மல்லாந்து விழுந்துகொண்டே, விரல் நுனியால் அதை எழுப்பினாள். அன்றைக்கு அங்கே இருந்த யாரும் அதுபோல ஒரு பந்தைப் பிறகு பார்க்கவில்லை. அது அவசரமே இல்லாமல் ஏறி, இளையவளின் கைக்கு எட்டும் உயரத்தில் வந்து நின்றது. நின்றது என்றால் நின்றேவிட்டது, சுற்றாமல், இறங்காமல், அவள் ஓடிவந்து குதித்து மேலே வந்து சேரும்வரை. கீழே நாலாயிரம் பேரும் தரையில் விழுந்து கிடந்த அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இளையவள் மேலிருந்து அதைப் பார்த்தாள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதிரணியின் தரை முழுக்கத் திறந்து கிடந்தது, அடிக்க எத்தனையோ இடம் இருந்தது. அவள் உடம்பை முறுக்கி, கை முழுவதையும் போட்டு, சாமான் அறை ஜன்னலில் அடித்தாள்.

கண்ணாடி நொறுங்கிய சத்தத்தில் தூணைப் பிடித்திருந்தவர்கள் இரண்டு பேர் வழுக்கி இறங்கினார்கள். நடுவர் அவுட் என்று கொடியைத் தூக்கினார். அறைக்குள் டீ கொட்டியது, பந்து மேஜைக்கு அடியில் உருண்டது, காக்கித் தாளில் ஆள் தலை நுழைகிற அளவுக்கு ஓட்டை. கொஞ்ச நேரத்தில் அந்த ஓட்டையில் ஒரு மூக்குக்கண்ணாடி தெரிந்தது. அது யார் அடித்தது என்று திட்டத்தான் எட்டிப் பார்த்தது. தரையிலிருந்து எழுந்து முழங்கையைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பார்த்ததும் திட்ட மறந்துவிட்டது. மீதி ஆட்டம் முழுக்க அந்த ஓட்டையில் தள்ளுமுள்ளு. "நகருங்க சார், நானும் பாக்கணும்" என்ற குரல் ஒளிபரப்பிலேயே கேட்டது. பதிமூன்றுக்குப் பதினைந்தில் ஆட்டம் போனது.

"எங்க அடிச்ச நீ?" என்று மேடம் கேட்டார்.

"குறி தப்பிடுச்சு மேடம்" என்றாள் இளையவள்.

இரண்டு வருஷமாக அவள் குறி ஒரு விரற்கடை தப்பியதில்லை என்பது அவளுக்குப் பந்து கொடுத்தவளுக்குத் தெரியும். அப்பாவின் பஸ்ஸில் கடைசி இருக்கையில் இருவரும் திரும்பி வந்தபோது, பாதி வழியில் மூத்தவள் கேட்டாள். "அந்த ரூமுக்குள்ள யாரு இருந்தா?"

"எனக்கென்ன தெரியும்?"

"பொய் சொல்லாத."

இளையவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நீ ஸ்டேட் டீமுக்குத் தொலைஞ்சு போயிட்டா, இங்க எல்லாரும் என்னைப் பாப்பாங்கல்ல. அதுக்குத்தான்" என்றாள். அதில் பாதி நிஜம். மூத்தவளும் அந்தப் பாதியை மட்டும் ஏற்றுக்கொண்டாள். "வலிக்குதா?" என்று கையை மட்டும் வாங்கிப் பார்த்தாள். உள்ளங்கை சிவந்திருந்தது.

மாநில அணியில் மூத்தவளை எடுத்தார்கள். முக்கியமான நேரத்தில் கவனக்குறைவு என்று எழுதி இளையவளை நீக்கினார்கள். அவள் சொன்னபடியே, அடுத்த வருஷம் கல்லூரி அரங்கத்தில் எல்லாரும் அவளைத்தான் பார்த்தார்கள். "நாப்பத்திரெண்டு" என்றார் அப்பா. திரையில் ஆறு பெண்களும் ஒழுங்காகத் தெரிந்ததால் பெரிய சேனல் கேமராக்களைக் கழற்றிக்கொண்டு மாநில அணியின் பின்னால் போய்விட்டது. இரும்புப் படிகளைப் பிரித்து ஆண்கள் அரங்கத்துக்குக் கொண்டுபோனார்கள். இளையவள் அந்த வருஷம் முழுக்க அக்காவின் பெயரைச் சொல்லவில்லை, அவள் அனுப்பிய ஷூவை மட்டும் போட்டுக்கொண்டாள். அதற்கடுத்த வருஷம் அவளையும் மாநில அணிக்கு எடுத்தார்கள், பிறகு தேசிய அணிக்கு. இருவரும் ஆறு வருஷம் ஒன்றாக ஆடினார்கள். யாருக்கு அதிகக் கைதட்டல் என்று அறையில் சண்டை போட்டுக்கொள்வார்கள், சில சமயம் விருந்துக்குப் போன வீட்டிலேயே சண்டை போட்டுக்கொள்வார்கள். வெளிநாட்டு ஒளிபரப்புக்காரர்கள் முதலில் சங்கடப்பட்டார்கள். பிறகு பழகிவிட்டது. வலைக்கு அருகே ஓர் ஆள் நிற்கும் அளவு இடம் விட்டே படம் பிடிக்க வேண்டும் என்பது புதிதாக வரும் கேமராக்காரர்களுக்கு முதல் நாளே சொல்லித்தரும் பாடமாயிற்று. வர்ணனையாளர்கள் அவளைச் சொல்ல வேண்டிய இடத்தை இருமி நிரப்புவதை விட்டுவிட்டு, செட்டர் எடுத்தார் என்று சாதாரணமாகச் சொல்லத் தொடங்கினார்கள். செட்டர் என்றால் எல்லா அணியிலும் அப்படித்தான் இருப்பார்கள்போல என்று நினைத்து வளர்ந்த பிள்ளைகள் நிறையப் பேர்.

ஏழாவது வருஷம் இளையவளுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை ஆயிற்று. மூத்தவள் அவள் இல்லாமல் ஒரு பெரிய போட்டிக்குக் கடல் கடந்து போனாள். போட்டி தொடங்கிய மத்தியானம் இளையவள் காலைத் தலையணைமேல் நீட்டிக்கொண்டு ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இடத்தில் ஆடிய புதுப்பெண் அடித்துவிட்டு இறங்கியதும், வெற்றிடத்தைப் பார்க்காமல் நேரே கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். அது இளையவளுக்குப் பொறுக்கவில்லை. "திரும்பிப் பாருடி, சனியனே" என்று திரையைப் பார்த்துச் சொன்னாள்.

பக்கத்து அறையில் தையல் மெஷின் நின்றது. "என்ன அங்க சத்தம்? அக்கா எப்படி ஆடுறா?" என்று அம்மா கேட்டாள்.

இளையவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வலைக்குப் பக்கத்தில் இருந்த வெறுந்தரையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"கொஞ்சம் வெயிட் போட்டிருக்காம்மா."

"வரட்டும், ஜெர்சியைப் பிரிச்சு விட்டுடலாம்" என்று சொல்லிவிட்டு அம்மா மறுபடி மெஷினை மிதித்தாள்.